ஊமைத்துரை கண்ட நாடு

தலைமைக்குச் சொல்வன்மை இன்றியமையாதது என்பது தொன்றுதொட்டு வரும் கருத்து. தமிழ் நூல்கள் அமைச்சனுக்கும் தூதனுக்கும் சொல்லையே படைக்கலமாக வகுத்தன. இந்தப் பொதுக்கருத்துக்கு விலக்காக நெல்லைச் சீமையில் ஒருவர் தோன்றினார். பேச்சு வராத அவரை ஆயிரக்கணக்கானோர் தலைவராக ஏற்றனர். கை அசைவையும் கண் குறிப்பையும் கட்டளையாகக் கொண்டு உயிர் கொடுத்தனர். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் இளவல் குமாரசாமி என்னும் ஊமைத்துரையே அவர். அண்ணன் வீரபாண்டிய கட்டபொம்மனின் புகழ் நிழலில் வைத்தே அவரைப் பேசும் வழக்கம் பெருகிவிட்டது. ஆயினும் அண்ணன் இறந்த பின்னர் 1801ஆம் ஆண்டில் ஒன்பது திங்களுக்கு மேல் நடந்த பெரும்போரின் உயிர்நாடியாக விளங்கியவர் தம்பியே ஆவார்.

அப்போர் எதற்காக நடந்தது, வென்றிருந்தால் எத்தகைய நாடு அமைந்திருக்கும் என்னும் வினாக்கள் ஊமைத்துரையின் வாழ்க்கையோடு பிரிக்க முடியாதவை. அவருடைய வாய்மொழியாக ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் இரு திசைகளிலிருந்து வருகின்றன. அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேயப் படையதிகாரிகளின் ஏடுகள் ஒருபுறம். கரிசல் நிலத்துப் பாடகர்களின் கதைப்பாடல்கள் மறுபுறம். பகைவரும் பாணரும் சேர்ந்து காத்துத் தந்த வாழ்க்கை அது.

நிலமும் பாளையமும்

பொதிகையில் பிறந்து கடலில் கலக்கும் பொருநையின் இருகரையும் நன்செய் நிலம். அணைகளும் கால்வாய்களும் குளங்களும் நிறைந்த அப்பகுதி பெரும்பாலும் அரசின் நேரடி வரிப்பகுதியாகவே இருந்தது. நாயக்கர், நவாபு, கும்பினி என ஆட்சி மாறினும் ஆற்றங்கரை நெல்லே கருவூலத்தை நிரப்பியது. ஆற்றை விட்டு வடக்கும் கிழக்கும் விலகிச் சென்றால் வானம் பார்த்த கரிசல் காடு. மேற்கே மலையடிவாரம். இவ்விரு பகுதிகளிலுமே பாளையங்கள் அமைந்திருந்தன. மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில், தளவாய் அரியநாத முதலியார் துணையோடு 16ஆம் நூற்றாண்டில் 72 பாளையங்கள் வகுக்கப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. மேற்கே சிவகிரி, ஊற்றுமலை, நெற்கட்டுஞ்செவல் முதலிய மறவர் பாளையங்களும், கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் முதலிய நாயக்கர் பாளையங்களும் நிலைபெற்றன.

பாளையக்காரர் படை வைத்திருந்தார், வழக்குத் தீர்த்தார், காவல் புரிந்தார். தம் பாளையத்திற்கு அப்பாலுள்ள அரசு ஊர்களிலும் தேசகாவல் என்னும் பெயரால் காவற்கூலி பெற்றார். காவல் செய்தவருக்கு அது பரம்பரை உரிமை. கொடுத்த உழவருக்கோ அது பல வேளைகளில் தாங்கவொண்ணாச் சுமை. ஆற்றங்கரை ஊர்களில் பாளையத்து ஆட்கள் நெல்லையும் பணத்தையும் வலிந்து பெற்றனர் என்னும் முறையீடுகளைக் கும்பினியின் ஆவணங்கள் அடுக்கிச் சொல்கின்றன. அவை பகைவர் எழுதியவை. ஆயினும் முற்றும் பொய்யென ஒதுக்கத்தக்கவை ஆகா. கட்டபொம்மு மரபை வீரமரபு என்போரும் கொள்ளை மரபு என்போரும் இன்றளவும் வழக்காடுவதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

நவாபு முகம்மது அலி கும்பினிக்குப் பட்ட கடனே பாளையங்களின் முடிவுக்கு முதற்காரணம். கடனுக்கு ஈடாக வரி தண்டும் உரிமை சிறிது சிறிதாகக் கைமாறியது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடமிருந்து கப்பம் பெறும் அதிகாரம் கும்பினியைச் சேர்ந்தது. அதற்கு முன்பே 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது, அக்கோட்டையில் டச்சுக்காரரோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றைக் கண்டெடுத்தார். ஐரோப்பியரில் ஒருவரை நிறுத்தி மற்றவரை எதிர்க்கும் சூழ்ச்சி அக்கரிசல் கோட்டைக்குப் புதிதன்று என்பது இதனால் புலனாகும்.

அண்ணன் வீழ்ந்த ஆண்டு

சகவீர கட்டபொம்முவுக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் பிறந்த மக்களுள் மூத்தவர் வீரபாண்டியர், இளையவர் குமாரசாமி. குடும்பத்தின் வழிபாடு சக்கம்மாளையும் திருச்செந்தூர் முருகனையும் சுற்றி அமைந்தது. பெயரிலேயே முருகனைத் தாங்கிய குமாரசாமியை ஆங்கிலேயர் செவியும் வாயும் அற்றவர் எனப் பதிவு செய்தனர். தென்னாட்டு வழக்கு அவரைத் திக்குவாயர் என்கிறது. மெலிந்த உடலும் நோயாளியைப் போன்ற தோற்றமும் உடையவர் என்று அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படைத்தலைவர் 1830இல் வெளியான தம் நினைவேட்டில் எழுதினார். வீரனுக்குரிய உடற்கட்டை எதிர்பார்த்த கண்களுக்கு அத்தோற்றம் வியப்பளித்தது.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனை வீரபாண்டியர் காணச் சென்ற நாளில் கைகலப்பு மூண்டு லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். ஜாக்சன் நீக்கப்பட்டு லூஷிங்டன் அப்பதவிக்கு வந்தார். திப்பு சுல்தான் 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின் கும்பினியின் படைகள் தெற்கே திரும்ப இயன்றது. அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய வீரபாண்டியர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், பிற பாளையக்காரர்கள் பார்த்திருக்கத் தூக்கிலிடப்பட்டார்.

தண்டனை ஓர் உயிரோடு முடியவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் அதனோடு நின்ற நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை முதலிய பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. கோட்டைகள் இடிக்கப்பட்டன. படைக்கலங்களை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. தேசகாவல் உரிமையைக் கும்பினி எடுத்துக்கொண்டது. பாளையத்து நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்தாருக்குச் சென்றது. காவலையும் போரையுமே தொழிலாகக் கொண்ட குடிகள் ஒரே ஆண்டில் தொழிலும் மானமும் இழந்தனர். 1801இல் எழுந்த பெருந்தீக்கு விறகு இவ்வாறு அடுக்கப்பட்டது.

பாளையங்கோட்டைச் சிறை

ஊமைத்துரையும் உடன்பிறந்த செவத்தையாவும் உறவினர் பலரும் பொருநையின் கரைக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டைக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். ஓராண்டுக்கு மேல் சென்றது. சிறையில் அம்மை கண்டதால் கைதிகளின் விலங்குகள் தளர்த்தப்பட்டன. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, ஆங்கிலேய அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் விருந்துக்குக் கூடியிருந்தனர். திருச்செந்தூர் அடியார்களாகவும் விறகு சுமப்போராகவும் வேடமிட்டு ஊருக்குள் நுழைந்திருந்த பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள் காவலரை மடக்கிக் கைதிகளை மீட்டனர் என்று மரபு கூறுகிறது. விருந்து முடியுமுன் மீட்கப்பட்டோர் ஊரெல்லை கடந்துவிட்டனர். ஏறத்தாழ 30 மைல் தொலைவை இரவோடு இரவாகக் கடந்து பாஞ்சாலங்குறிச்சி மண்ணை மிதித்தனர்.

அங்கே கோட்டை இல்லை. இடிந்த மண்மேடே இருந்தது. ஒரு வார அளவில் அங்குப் படையோடு வந்த மெக்காலே, தரைமட்டமாக்கப்பட்ட இடத்தில் புதிய மதில் எழுந்து நிற்பதையும் அதன்மேல் வீரர் திரண்டிருப்பதையும் கண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்ப நேர்ந்தது. பகலிரவாக மண் குழைத்துச் சுமந்து அம்மதிலை எழுப்பினர் மக்கள். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட அந்த மண்கோட்டை, கூலிக்கு உழைத்தோரால் அத்தனை விரைவில் எழும்பியிருக்க இயலாது. சுற்றியிருந்த ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊமைத்துரையின் பக்கம் சாய்ந்தன. தூத்துக்குடி அவர் கைப்பட்டது. அங்குச் சிறைப்பட்ட ஆங்கிலேய அதிகாரியைத் தீங்கின்றிச் செல்லவிட்டமையைப் பகைவரே பாராட்டியுள்ளனர். பொருநைக்கரையில் திருவைகுண்டம் கோயிலில் நிறுத்தப்பட்டிருந்த கும்பினிக் காவற்படையும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. கள்ளபிரான் உறையும் கோயில் படைவீரர் தங்கும் கோட்டையாக மாறிய காலம் அது.

மார்ச் 31ஆம் நாள் மெக்காலே நடத்திய பெருந்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. பீரங்கியால் மதிலில் பிளவு உண்டாயினும், உள்ளே நுழைந்த எவரும் நீண்ட ஈட்டிகளைக் கடக்க இயலவில்லை. கும்பினிப் படை பேரிழப்போடு பின்வாங்கிப் புதிய படைக்காகக் காத்திருந்தது. மே மாதத்தில் கர்னல் அக்னியூ பெரும்படையோடும் பீரங்கிகளோடும் வந்து தலைமை ஏற்றார். மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. இவ்வளவுக்கும் இடையில் எட்டயபுரத்தார் கும்பினியின் பக்கம் நின்றனர். அருங்குளம், சுப்பலாபுரம் போன்ற ஊர்களைப் பற்றிய எல்லைப்பூசலும் பரம்பரைப் பகையும் அதற்குக் காரணங்கள். ஒரு நாடு என்னும் உணர்வு உருவாகாத காலத்தில் அண்டைவீட்டாரே முதற்பகைவராகத் தோன்றினர் என்பதை வரலாறு மறைக்கவில்லை.

ஒரு தாயின் முடிவு

கோட்டை வீழ்ந்த இரவில் நிகழ்ந்ததாக வெல்ஷ் குறித்து வைத்த ஒரு செய்தி, இப்போரின் உள்ளியல்பைக் காட்டுவது. பிணக்குவியலிடையே தம் மகனைத் தேடி ஒரு தாய் பிற பெண்களோடு வந்தார். குற்றுயிராகக் கிடந்த மகனைக் கண்டு அவர் தூக்க முயன்றார். அவன் தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடந்த தலைவரைக் காப்பாற்றுமாறு வேண்டினான். தாய் அவ்வாறே செய்தார். மகனை விட்டு, ஊமைத்துரையைச் சுமந்து சென்று தம் ஊரில் மறைத்தார். தேடிவந்த எட்டயபுரத்து வீரர்கள் நெருங்கியபோது, பெண்கள் அவர் உடலை வெண்துணியால் மூடி, அம்மையால் இறந்த பிள்ளை என ஒப்பாரி வைத்தனர். அம்மை என்ற சொல்லுக்கு அஞ்சி வந்தவர் விலகினர்.

ஒரு போர் எதற்காக நடந்தது என்பதை அறிக்கைகளைவிட இத்தகைய நிகழ்ச்சிகள் தெளிவாக உணர்த்தும். அத்தாய்க்குக் கப்பமும் உடன்படிக்கையும் பொருட்டல்ல. தம் மண்ணின் தலைவர் உயிரோடு இருக்கும்வரை தம் உலகம் அழியாது என அவர் நம்பினார். இந்த நம்பிக்கை போற்றத்தக்கது, அச்சந்தருவதும்கூட. தலைவன் உயிருக்குக் குடிமகன் உயிரை ஈடாக வைக்கும் பழைய அறத்தின் அழகும் கொடுமையும் ஒரே தாயின் செயலில் பிணைந்து கிடக்கின்றன. அந்த மகனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

துரும்புகளும் அறிக்கையும்

காயம் ஆறிய ஊமைத்துரை எஞ்சிய வீரரோடு கமுதி வழியே சிவகங்கைச் சீமையை அடைந்தார். சின்ன மருது அவரை வரவேற்றுத் தம் ஊராகிய சிறுவயலுக்கு அழைத்துச் சென்றார். அடைக்கலம் தந்ததே மருது சகோதரர் மீது கும்பினி போர் தொடுக்கக் காரணமாயிற்று. திண்டுக்கல் பக்கத்தில் விருப்பாச்சி கோபால நாயக்கர் முன்பே முயன்ற கூட்டணியும் பாஞ்சாலங்குறிச்சியின் எழுச்சியும் சிவகங்கையின் வலிமையும் இங்கே ஒன்றாயின.

1801 ஜூன் 16ஆம் நாளிட்ட அறிக்கை ஒன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. மருதுபாண்டியன் பெயரால் வெளிவந்த அவ்வறிக்கை சம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியினரையும் முசுலிம்களையும் விளித்தது. நவாபு அறியாமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்தார். அவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டனர். மக்களிடையே ஒற்றுமை இல்லாமையால் நாடு அந்நியர் கைப்பட்டது. மக்கள் வறுமையுற்றனர் என்பன அதன் குற்றச்சாட்டுகள். கும்பினியின் படையில் பணிபுரியும் சுபேதார், ஜமேதார், சிப்பாய் முதலியோரும் எழவேண்டும் என அது அழைத்தது.

வென்றபின் அமையவேண்டிய நாட்டையும் அவ்வறிக்கை வரைந்து காட்டியது. ஆற்காடு நவாபுக்கு உரியது. பிற நாடுகள் அவற்றின் பழைய அரச மரபினருக்குத் திரும்பவேண்டும். திருமலை நாயக்கர் பெயர் தாங்கிய ஒருவருக்கும் ஆட்சி உண்டு. அந்தந்த நாட்டின் மரபும் வழக்கமும் மீறப்படலாகாது. ஐரோப்பியர் வாழ விரும்பினால் நவாபின் கீழ் அடங்கி வாழலாம். புதிய அரசு, புதிய சட்டம், குடிகளின் ஆட்சி என எதையும் அது கேட்கவில்லை. கலைந்துபோன அடுக்கைப் பழையபடியே அடுக்கிவைப்பதே அதன் எதிர்காலம். மதுரை நாயக்கர் ஆட்சியோ 1736ஆம் ஆண்டளவிலேயே முடிந்துவிட்டது. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அழிந்த அரசைப் போர்முனையில் நின்றோர் வருங்காலமாகக் கண்டனர்.

இதே நாட்களில் ஊமைத்துரை தம் எண்ணத்தைத் தம் முறையில் வெளியிட்டார். இடது உள்ளங்கையில் சிறு துரும்புகளைப் பரப்புவார், அவை ஆங்கிலேயர். மறு கையால் அவற்றை ஒருங்கே வழித்தெறிவார்; வாயால் சீறும் ஒலியை எழுப்புவார். இதனை எழுதி வைத்தவரும் வெல்ஷே. ஊமைத்துரையின் அரசியற் கருத்தாக எஞ்சியது இந்த ஒரு சைகையே. எதனை நீக்கவேண்டும் என்பதை அது ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது. எதனை அமைக்கவேண்டும் என்பதைத் திருச்சி அறிக்கை கூறியது. சைகையில் உள்ள சீற்றம் எல்லாக் காலத்திற்கும் உரியது. அறிக்கையில் உள்ள நாடோ தன் காலத்திற்கும் பிந்தியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு 1801ஆம் ஆண்டுப் போரை 1947க்கு நேர்வழியாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மரபு காக்கும் அரசியல்

போர்க்காலத்தில் பழமையை எதிர்காலமாகக் காண்பது தென்னாட்டுக்கு மட்டும் உரிய மனநிலை அன்று. 1793இல் பிரான்சின் வாந்தே பகுதி உழவர் புரட்சி அரசை எதிர்த்து மன்னனுக்காகவும் மாதாகோயிலுக்காகவும் போரிட்டனர். 1809 ஜனவரியில் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாய் வெளியிட்ட குண்டறை விளம்பரமும் நாட்டின் பழைய அறமும் வழக்கமும் அழியுமென அஞ்சியே மக்களை அழைத்தது. அவர் எதிர்த்த ரெசிடென்ட், பாளையங்கோட்டை விருந்தில் கைதிகளைத் தவறவிட்ட அதே மெக்காலே. 1857இல் சிப்பாய்கள் தில்லியில் முதுமையுற்ற முகலாயரையே அரியணையில் அமர்த்தினர். அந்நிய ஆட்சி எல்லாவற்றையும் புரட்டிப்போடும்போது, தமக்குத் தெரிந்த ஒழுங்கையே மக்கள் பற்றுகின்றனர். கண்டறியாத ஒன்றுக்காக உயிர் கொடுக்குமாறு கேட்பது அரிது.

இங்கிலாந்திலும் மரபு காக்கும் அரசியலின் மூலவராகக் கருதப்படும் எட்மண்ட் பர்க், 1785இல் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பாராளுமன்றத்தில் நெடும்பேச்சு நிகழ்த்திக் கடன்காரரின் சூறையாடலைக் கண்டித்தார். பழைய நிறுவனங்களை ஒரே வீச்சில் அழிப்பது கொடுமை என்னும் அவர் கொள்கை, கருநாடகத்து மண்ணுக்கும் பொருந்துவதாக அவருக்கே தோன்றியது. அவர் கண்டித்த கடன்வலையில்தான் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஊமைத்துரையின் உலகம் மூச்சுத்திணறியது.

கும்பினியும் பழமையை ஆயுதமாகக் கொள்ளத் தவறவில்லை. மருது சகோதரர் அரச மரபினர் அல்லர் எனப் பறைசாற்றி, பழைய மரபுக்கு உரியவர் எனப் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு அரசராக 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் முடிசூட்டியது. மக்களில் ஒரு பகுதியினர் அவர்பால் சென்றனர். மரபை மீட்க எழுந்த போரை மரபின் பெயராலேயே உடைத்த சூழ்ச்சி இது. பழைய உரிமையையே அடித்தளமாகக் கொண்ட எழுச்சிக்கு இத்தகைய தாக்குதலிலிருந்து தற்காப்பு இல்லை. யாருக்கு மூத்த உரிமை என்னும் வழக்காக நாட்டுப்போர் சுருங்கும்போது, தீர்ப்புச் சொல்லும் இடத்தை அந்நியன் எளிதில் கைப்பற்றுகிறான்.

அறிக்கையில் மற்றொரு குறையும் உண்டு. எல்லாச் சாதியினரையும் அது அழைத்தது. அதுவே அக்காலத்தில் பெரிது. ஆனால் அழைக்கப்பட்டோர் போருக்குப் பின் எங்கே நிற்பர் என்பதற்குப் பழைய படிநிலையே விடை. பொருநைக்கரையில் சேற்றில் நின்ற உழவருக்கும் கரிசலில் கம்பும் பருத்தியும் விளைவித்தவருக்கும் வரி குறையும் என்றோ காவற்கூலி நீங்கும் என்றோ அது கூறவில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் பெயரறியாப் பலரும் பல குடிகளிலிருந்து வந்து தோளோடு தோள் நின்றதை மரபு போற்றுகிறது. களத்தில் தோன்றிய அந்தச் சமன்மை, வகுத்த நாட்டில் இடம்பெறவில்லை. போராடியோர், தாம் கேட்ட நாட்டைவிடப் பெரிய ஒன்றைத் தம் செயலால் காட்டினர் எனலாம்.

இறுதி நாட்கள்

சூலை மாத இறுதியில் சிறுவயல் எரிந்தது. அங்கிருந்து காளையார்கோயிலை அடையக் கும்பினிப்படை ஒரு மாதத்திற்கு மேல் காடு வெட்டிப் பாதை அமைக்க முயன்று, தாக்குதல் தாளாமல் செப்டம்பர் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டது. சூலை 31ஆம் நாளிலேயே சென்னையில் புதிய நவாபோடு செய்த உடன்படிக்கையால் கருநாடகம் முழுவதும் கும்பினியின் நேராட்சிக்குள் வந்துவிட்டது. எந்த நவாபின் ஆற்காட்டை மீட்பதாக அறிக்கை கூறியதோ, அந்த ஆற்காட்டின் ஆட்சி அறிக்கை ஒட்டிய ஏழு வாரங்களுக்குள் தாளில் முடிந்துபோயிற்று. காட்டில் போரிட்டோர் அதன் பின்னரும் போரிட்டனர்.

அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தமக்கு முன்னொரு காலத்தில் ஈட்டியும் வளரியும் எறியக் கற்பித்த சின்ன மருதுவின் முடிவை வெல்ஷ் வருத்தத்தோடு நினைவுகூர்ந்தார். ஊமைத்துரை வடமேற்கே திண்டுக்கல் பகுதிக்குச் சென்று மீண்டும் போரிட முயன்று வத்தலக்குண்டுப் பக்கத்தில் பிடிபட்டார். அவரும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவரப்பட்டனர். 1801 நவம்பர் 16ஆம் நாள் அங்கே தூக்கிலிடப்பட்டனர். விசாரணையில் மறுமொழி சொல்லவும் இயலாத ஒருவரின் வாழ்க்கை அவர் எழுப்பிய மதிலின் இடிபாட்டருகே முடிந்தது.

கோட்டை மீண்டும் இடிக்கப்பட்டது. அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்றும் ஊர்ப்பெயரையே கணக்கிலிருந்து நீக்கினர் என்றும் கூறுவர். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் இளமகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுட் பலர் தாய்மண்ணை மீண்டும் காணவில்லை.

போருக்குப் பின்

வென்றவர் அமைத்த நாடு எத்தகையது என்பதும் எண்ணத்தக்கது. 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட விளம்பரம் படைக்கலங்களைத் தடைசெய்து, நிலையான வரித்திட்டத்தை உறுதியளித்தது. 1803இல் எஞ்சிய பாளையக்காரர் சமீன்தார் ஆயினர். காவற்கடமை நீங்கியது; நிலத்தின்மீது கொண்ட உரிமை சட்டப்படி வலுத்தது. பழைய பாளையக்காரர் தம் குடிகளின் வாளை நம்பியிருந்தார். புதிய சமீன்தார் கும்பினியின் நீதிமன்றத்தை நம்பினால் போதும். பழமையை மீட்கப் போரிட்டவர் அழிந்தனர். பழமையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கடமையை விட்டவர் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வரும்வரை அவ்வமைப்பு ஒன்றரை நூற்றாண்டு நீடித்தது.

ஊமைத்துரையின் நினைவை அரசுகள் காக்கவில்லை, பாட்டுக் காத்தது. பாஞ்சாலங்குறிச்சியின் பெயரைச் சொல்லவும் அஞ்சிய காலத்தில் ஊர்ப்புறக் கதைப்பாடல்களும் கூத்துகளும் அவ்வரலாற்றைத் தலைமுறை கடத்தின. கால்டுவெல் 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதியபோது ஆங்கிலேய ஆவணங்களையே பெரிதும் சார்ந்து நின்றார். அக்கதைப்பாடல்களைப் பிற்காலத்தில் தொகுத்துப் பதிப்பித்த நா. வானமாமலை அவற்றில் மக்களின் வரலாற்றுணர்வைக் கண்டார். ம.பொ.சிவஞானத்தின் எழுத்தும் 1959ஆம் ஆண்டுத் திரைப்படமும் கட்டபொம்மனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுந்தது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் பிரிக்கப்பட்ட தூத்துக்குடிப் பகுதியில் அது இன்று நிற்கிறது. அருகிலேயே அப்போரில் மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் உள்ளன.

பேசாத ஒருவருக்குப் பிறர் சொல் கொடுப்பது கவிஞர்க்கு எளிது. அதனாலேயே அதில் தீங்கும் உண்டு. ஊமைத்துரையின் வாயில் இருபதாம் நூற்றாண்டின் விடுதலை முழக்கத்தை வைத்தால் அவர் கண்ட நாடு மறைந்துபோகும். அவரைப் பழைய கொள்ளைக்கூட்டத்தின் எச்சம் எனத் தள்ளினால் பிணக்குவியலில் மகனை விட்டுத் தலைவரைச் சுமந்த தாய் மறைந்துபோவார். அவர் வேண்டிய நாடு மீளத்தக்கதாக இல்லை. அதை அவருக்காக வேண்டி நின்ற மக்களின் உறுதியோ எந்நாட்டுக்கும் அடித்தளமாகத்தக்கது. உள்ளங்கையில் துரும்பைப் பரப்பி வழித்தெறிந்தபின் அந்தக் கை வெறுமையாகவே நின்றது. அவ்வெறுங்கையில் பழைய முடிகளை வைக்கவே அவர் காலம் அறிந்திருந்தது. அதில் வேறு எதனை வைப்பது என்பது பின்வந்த தலைமுறைகளுக்கு விடப்பட்ட கடமையாயிற்று.